உள்ளே இருப்பவர் யார், எத்தனை பேர்?

காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கல் திறக்கும். பொங்கல் முடிந்து சென்னைக்குத் திரும்புகிற கூட்டம் இருக்கிறதே, அதற்கு உழவன் எக்ஸ்பிரஸும் மன்னை எக்ஸ்பிரஸும் எத்தனை பெட்டி வைத்து ஓடினாலும் போதாது. தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்த வாரம் முழுக்க 10.55-க்கே கை பரபரக்கும். யூசர் நேம், பாஸ்வேர்டு, பயணிகள் பட்டியல், கோணல்மாணலாகத் தெரியும் கேப்சா எழுத்து எல்லாம் தயார். 11 அடித்ததும் ரயிலைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் பக்கத்துக்குப் போகிற நேரம் பார்த்து ஒரு செய்தி வரும்: செஷன் முடிந்துவிட்டது, மறுபடி லாகின் செய்யவும். “செஷன் போச்சுண்ணே” என்று கடைக்காரத் தம்பி சொன்னால் வரிசையில் நிற்பவர் அர்த்தம் கேட்பதில்லை. செஷன் போனால் பெர்த் போச்சு, அவ்வளவுதான்.

அந்த ரயில் டிக்கெட் தளத்தின் பழைய முகவரி பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். 2018-ல் முகப்பு மாறும் வரை, ஐ.ஆர்.சி.டி.சி.யின் லாகின் பக்கம் ‘லாகின்ஹோம் டாட் ஜே.எஸ்.எஃப்.’ என்று முடிந்தது. ஜே.எஸ்.எஃப். என்பது ஜாவா சர்வர் ஃபேசஸ். ஜாவாவில் வலைச் செயலி எழுதுகிறவர்கள் அதைப் பார்த்ததும் ‘அட, நம்ம ஆளு’ என்று அடையாளம் கண்டுகொள்வார்கள். வல்லத்திலோ திருமலைசமுத்திரத்திலோ கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகள் மினி புராஜெக்ட்டுக்கு ‘ரயில்வே ரிசர்வேஷன் சிஸ்டம்’ என்று ஒன்றைக் கட்டிக் காட்டுவார்களே, அதன் பிரம்மாண்டமான அண்ணன்தான் இது. மினி புராஜெக்ட்டில் கண்ணுக்கே தெரியாத ஒரு சிக்கல் அண்ணனிடம் பூதாகரமாக நிற்கும். லாகின் செய்து உள்ளே இருப்பவர் யார் என்ற தகவலை, செயலியின் மற்ற பகுதிகளோடு எப்படிப் பகிர்ந்துகொள்வது?

ஐ.ஆர்.சி.டி.சி. வைத்திருக்கும் விதிகளைப் பாருங்கள். ஒரு யூசர் ஐ.டி.யில் ஒரு நேரத்தில் ஒரு லாகின்தான். மாதத்துக்கு 12 டிக்கெட், ஆதார் இணைத்திருந்தால் 24. 2022 ஜூனுக்கு முன் இது 6, 12 என்று இருந்தது. தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் முகவர்களுக்கு அனுமதி இல்லை. 2025 ஜூலை 1 முதல், ஆதார் சரிபார்க்கப்பட்டவர் மட்டுமே இணையத்தில் தட்கல் எடுக்கலாம். படிக்கும்போது சாதாரண விதிகள். கோட் எழுதுகிறவர் கண்ணுக்கு ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. இந்த ஆள் வேறு எங்காவது ஏற்கெனவே உள்ளே இருக்கிறாரா? இவர் பயணியா, முகவரா? இந்த மாதம் எத்தனை எடுத்திருக்கிறார்? இவற்றில் சில அந்த ஒருவரைப் பற்றியவை. சில, உள்ளே இருக்கும் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைப்பவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பெரும்பாலான ஜாவா செயலிகளில் தலைவலி ஆரம்பிக்கிறது.

முதலில் அடிப்படை. வலை சர்வருக்கு ஞாபக சக்தி கிடையாது. ஒரு பக்கம் கேட்டால் கொடுக்கும்; அடுத்த நொடி அதே ஆள் இன்னொரு பக்கம் கேட்டால், யார் நீ என்று புதிதாகப் பார்க்கும். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லி என்ற இளைஞர் இதற்குக் குக்கி என்ற வழியைக் கொண்டுவந்தார். பெரிய கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் கொடுப்பார்கள் அல்லவா, அதேதான். டோக்கனில் உங்கள் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, ஒரு எண் மட்டும். செருப்பு அவர்களிடம், எண் உங்களிடம். ஜாவா சர்வர் கொடுக்கும் டோக்கனுக்கு ஜேசெஷன்ஐடி என்று பெயர். அந்த எண்ணுக்கு எதிரே சர்வரின் நினைவகத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் எச்டிடிபி செஷன். லாகின் ஆனதும் யூசர் விவரத்தை அந்தப் பெட்டியில் போட்டு வைத்தால், அடுத்தடுத்த பக்கங்கள் அதை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். டாம்கேட் சர்வரில் வேறு ஏதும் சொல்லாவிட்டால், 30 நிமிடம் ஆள் அசைவில்லை என்றால் பெட்டி காலி.

டோக்கன் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. குக்கியை ஏற்காத பிரவுசர்களுக்காக, அந்த எண்ணை முகவரியின் வாலிலேயே ஒட்டி அனுப்பும் பழக்கம் ஜாவா சர்வர்களிடம் இருந்தது. ‘இந்தப் பக்கத்தைப் பாரு’ என்று ஒருவர் முகவரியை நகலெடுத்து நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால், லாகினும் சேர்ந்து போய்விடும். நண்பர் திறந்தால், அனுப்பியவரின் கணக்குக்குள் இருப்பார். இதனால்தான் இப்போது குக்கி மட்டும் போதும் என்று சர்வரில் அமைத்துவிடுகிறார்கள். லாகின் ஆன கணமே எண்ணை மாற்றிவிடவும் வேண்டும். அதற்கென்று ஒரு தனி வசதியே 2013-ல் வந்த சர்வ்லெட் 3.1 என்ற ஜாவா வலைத் தரநிலையில் சேர்க்கப்பட்டது.

ஒருவரின் விவரத்தை அவருடைய பக்கங்களுக்கு இடையே பகிர்வது இவ்வளவுதான். செஷன் போதும். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது: ஒருவருடைய பக்கத்திலிருந்து மற்றவர்களின் செஷனைப் பார்க்க வேண்டும் என்றால்?

ஜாவாவின் ஆரம்ப நாள்களில் இதற்கு நேரடி வழியே இருந்தது. எச்டிடிபி செஷன் கான்டெக்ஸ்ட் என்று ஒன்று. அதைக் கேட்டால் நடப்பில் உள்ள எல்லா செஷன் எண்களையும் கொடுக்கும், எண்ணைக் கொடுத்தால் செஷனையே கொடுக்கும். அதாவது செருப்பு ரேக் முழுவதற்கும் சாவி. சர்வ்லெட் 2.1 பதிப்பிலேயே அதை ஓரங்கட்டிவிட்டார்கள். பாதுகாப்புக் காரணத்துக்காக, மாற்று எதுவும் தராமல். பெயர் மட்டும் பல ஆண்டுகள் சும்மா ஒட்டிக்கொண்டிருந்து, சர்வ்லெட் 6.0-வில் ஒருவழியாக நீக்கப்பட்டது. இன்றும் மன்றங்களில் ‘எல்லா செஷனையும் எப்படி எடுப்பது’ என்று கேட்கிறவர்களுக்குத் தெரிய வேண்டிய சரித்திரம் இது. எடுக்க முடியாதது மறதியால் வந்த குறை அல்ல, வேண்டுமென்றே பூட்டிய கதவு.

ஆகவே பட்டியலை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். டெல்டாவுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கு நெல் கொண்டுவரும் விவசாயிகள் இப்போது இணையத்தில் பதிவு செய்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) சாகுபடியைச் சரிபார்க்கிறார். நிலையத்தில் பட்டியல் எழுத்தர் 40 கிலோ சிப்பமாக எடை போட்டுப் பதிவு செய்கிறார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வேறு. இதே மாதிரி ஒரு செயலியைத் தஞ்சாவூரில் ஒரு சிறு குழு ஜாவாவில் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் இங்கே மினி டைடல் பூங்கா திறந்த பிறகு இது வெறும் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. விவசாயி, வி.ஏ.ஓ., எழுத்தர், மாவட்ட அளவில் மேலதிகாரி என்று நாலு வகை ஆட்கள் உள்ளே வருவார்கள். மேலதிகாரி கேட்பது ஒன்றுதான்: “அம்மாபேட்டையில இப்ப யாரு லாகின்ல இருக்காங்க, ஒரத்தநாட்டுல யாரு இருக்காங்க, எனக்கு ஒரே ஸ்கிரீன்ல வேணும்.”

குழுவில் யாராவது ஒருவர் உடனே சொல்வார்: “சர்வ்லெட் கான்டெக்ஸ்ட்ல ஒரு மேப் போட்டுடலாம் சார்.” சரியான ஆரம்பம்தான். மேப் என்பது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு விவரத்தை வைக்கும் பட்டியல். சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் என்பது செயலி முழுவதற்கும் பொதுவான இடம். அதில் வைத்தது எல்லாப் பக்கங்களுக்கும் தெரியும். லாகின் ஆனால் மேப்பில் பெயரைச் சேர்ப்பது, லாக்அவுட் செய்தால் எடுப்பது. முதல் நாள் மாலை பார்த்தால் திரையில் 40 பேர். நிலையத்தைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், திரை மட்டும் 40 என்றே சொல்கிறது. லாக்அவுட் பொத்தானை அழுத்துகிறவர் யார்? பிரவுசரை மூடுவார், கணினியை அணைப்பார், கரண்ட்டே போய்விடும். சர்வருக்கு இதெல்லாம் தெரியாது.

அதற்குத்தான் கேட்போர் என்ற ஏற்பாடு. எச்டிடிபி செஷன் லிஸனர் என்று ஒன்றை எழுதி வைத்தால், செஷன் பிறக்கும்போதும் சாகும்போதும் சர்வர் கூப்பிட்டுச் சொல்லும். 30 நிமிடம் கழித்துத் தானாகச் சாகும்போதும் சொல்லும். இப்போது வேறு வேடிக்கை: ஆளே இல்லாத நள்ளிரவில் 90 பேர் உள்ளே இருப்பதாகக் காட்டும். காரணம், செஷன் பிறப்பதும் லாகின் ஆவதும் ஒன்றல்ல. ஜே.எஸ்.பி. பக்கம் எதைத் திறந்தாலும், வேண்டாம் என்று சொல்லாத வரை, ஒரு செஷன் பிறந்துவிடும். முகப்பை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர், தேடுபொறி அனுப்பும் ரோபோ எல்லோருக்கும் ஆளுக்கொரு பெட்டி.

இதற்கு அழகான தீர்வு அந்த லிஸனரைவிடப் பழைய ஒன்று: எச்டிடிபி செஷன் பைண்டிங் லிஸனர். செஷனையே கவனிப்பதற்குப் பதில், அதற்குள் வைக்கும் யூசர் பொருளிடமே அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுவது. ‘உன்னைப் பெட்டியில் வைத்தார்கள்’ என்று சர்வர் சொன்னதும் அது பட்டியலில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளும். ‘உன்னை எடுத்துவிட்டார்கள்’ என்றதும் பெயரை அடித்துவிடும். லாக்அவுட்டாக இருந்தாலும் சரி, நேரம் முடிந்து போனாலும் சரி, ஒரே வழி. லாகின் செய்தவர் மட்டுமே பட்டியலில் இருப்பார். இத்தனை சிறிய ஏற்பாடு இவ்வளவு சுத்தமாக வேலை செய்வதைப் பார்த்த பிறகும், பாடப்புத்தகங்கள் இதை ஒரே வரியில் தாண்டிப் போவது ஏன் என்று புரியவில்லை.

பட்டியலை எந்த மாதிரி மேப்பில் வைக்கிறார்கள் என்பதும் சின்ன விஷயம் இல்லை. சாதாரண ஹேஷ்மேப்பை ஒரே நேரத்தில் பலர் திருத்தினால், ஜாவா 8-க்கு முந்தைய பதிப்புகளில் அதன் உள்கட்டமைப்பு வட்டமாகச் சுற்றிக்கொண்டு முடிவில்லாமல் ஓடக்கூடும். பிழைச் செய்தி எதுவும் வராது, சி.பி.யு. 100 சதவீதத்தில் நிற்கும். கொள்முதல் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் இது நடக்கும், ஏனென்றால் அன்றைக்குத்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வருகிறார்கள். 2004-ல் வந்த ஜாவா 5-ல் டக் லீ என்ற அமெரிக்கப் பேராசிரியரின் உழைப்பில் சேர்ந்த கன்கரண்ட் ஹேஷ்மேப் இதற்காகவே எழுதப்பட்டது. இருந்தும் பழைய கோட்களில் வெறும் ஹேஷ்மேப் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

எண்ணிக்கை தப்பினால் ஒரு திட்டோடு போய்விடும். ஆள் மாறினால்தான் ஆபத்து. பக்கம் கேட்டால் பதில் தரும் ஜாவா வகுப்புக்கு சர்வ்லெட் என்று பெயர்; ஒரு சர்வ்லெட்டுக்கு சர்வர் ஒரே ஒரு பொருளைத்தான் உருவாக்கும். வருகிற எல்லோருக்கும் அதுவேதான் வேலை செய்யும். புதிதாக எழுதுகிறவர் வகுப்பின் தலைப்பிலேயே ‘யூசர்நேம்’ என்று ஒரு மாறியை அறிவித்து, அதில் லாகின் பெயரைப் போட்டுவிடுவார். தன் லேப்டாப்பில் ஒரு ஆளாகச் சோதிக்கும் வரை எல்லாம் சரி. நிலையத்தில் இரண்டு பேர் ஒரே விநாடியில் பொத்தானை அழுத்தும்போது, ஒரத்தநாட்டு எழுத்தர் போட்ட சிப்பக் கணக்கு அம்மாபேட்டைக்காரர் பெயரில் ஏறும். லாகில் தேடினால் தடயம் இருக்காது. மறுபடி செய்து காட்டு என்றால் செய்து காட்டவும் முடியாது. த்ரெட்லோக்கல் என்ற இன்னொரு இடத்தில் யூசர் விவரத்தை வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் துடைக்க மறந்தாலும் இதே கதி. அந்த வேலையைச் செய்த த்ரெட் திரும்பவும் பொதுத் தொகுப்புக்குப் போய், அடுத்த ஆளுக்கு முந்தைய ஆளின் அடையாளத்தோடு சேவை செய்யும்.

இதெல்லாம் சிறு குழுக்களுக்குத்தான் நடக்கும் என்று நினைத்தால், 2023 மார்ச் 20-ஐ நினைத்துப் பார்க்கலாம். அன்றைக்கு சாட்ஜிபிடியைத் திறந்த சிலருக்கு வேறு யாருடைய உரையாடல் தலைப்புகளோ தெரிந்தன. பொதுவாகப் பகிரப்படும் இணைப்பு ஒன்றில், ஒருவருக்குப் போக வேண்டிய பதில் இன்னொருவருக்குப் போனது. ரெடிஸ் என்ற நினைவகச் சேமிப்போடு பேசும் ஒரு நூலகத்தில் இருந்த பிழை. குறிப்பிட்ட சில மணி நேரத்தில் அதைப் பயன்படுத்திய கட்டணச் சந்தாதாரர்களில் 1.2 சதவீதத்தினரின் பணம் சார்ந்த விவரங்களும் வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று ஓப்பன்ஏஐ சொன்னது. மொழி ஜாவா இல்லை, பைத்தான். ஆனால் ஒருவருக்குரியது பொது இடம் வழியாகப் போகும்போது நேரும் விபத்து அதேதான்.

இதுவரை ஒரே ஒரு சர்வர் என்று வைத்துப் பேசினோம். ஒன்று போதாமல் இரண்டாவதைச் சேர்த்த மறுநிமிடமே கான்டெக்ஸ்ட் மேப் பொய் சொல்ல ஆரம்பிக்கும். சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் ஒரு ஜே.வி.எம்.முக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜாவாவுக்கு, ஒன்று; இந்த சர்வரில் இருக்கும் பட்டியல் அந்த சர்வருக்குத் தெரியாது. மேலதிகாரி பக்கத்தைப் புதுப்பித்தால் ஒரு முறை 22 பேர், மறுமுறை 18 பேர். எந்த சர்வர் பதில் சொன்னதோ அந்த எண்ணிக்கை. ஒருவர் எப்போதும் ஒரே சர்வருக்கே போகும்படி கட்டிவிடலாம், ஆனால் அந்த சர்வர் விழுந்தால் அதில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே. டாம்கேட்டிலேயே டெல்டா மேனேஜர் என்ற ஏற்பாடு உண்டு. செஷனில் மாறியதை மட்டும் மற்ற சர்வர்களுக்கு அனுப்பி வைக்கும். நாலைந்து சர்வர் வரை சரி. ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றுக்கும் சொல்ல வேண்டும் என்பதால், கூடக் கூட வலைப்பின்னலில் அரட்டையே அதிகமாகிவிடும்.

ரயில் டிக்கெட் தளம் இந்தக் கட்டத்தை 2014-ல் கடந்தது. அந்த ஆகஸ்டில் புதிய மின்டிக்கெட் அமைப்பைத் தொடங்கிவைத்தபோது ரயில்வே சொன்ன கணக்கு: நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆகும், ஒரே நேரத்தில் 40,000 பேர் என்பது 1,20,000 பேர் ஆகும். அதன் அடியில் வேலை செய்தது ஜெம்ஃபயர் என்ற மென்பொருள். ஜாவாவில் எழுதப்பட்டது, பல கணினிகளின் நினைவகத்தைச் சேர்த்து ஒரே பெரிய மேப் போலக் காட்டும். சீனாவின் ரயில் டிக்கெட் தளமான 12306-உம் வசந்த விழாக் கூட்டத்தைச் சமாளிக்க இதையே பயன்படுத்தியது. 2015-ல் இதன் கோட் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டு, ஜியோட் என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கிறது. டாம்கேட் செஷன்களை நேரடியாக அதில் வைக்கும் வசதியும் உண்டு. சிறிய குழுக்கள் இவ்வளவு தூரம் போக வேண்டாம். செஷனை ரெடிஸில் வைத்து, ஸ்பிரிங் செஷனைச் சேர்த்தாலே கொள்முதல் செயலி மாதிரியான ஒன்று தாராளமாக ஓடும்.

சர்வர் பல என்பது ஒரு பக்கம். செயலியே இரண்டாக இருந்தால் இன்னொரு கூத்து. பதிவுக்கு ஒரு வார் கோப்பு (ஜாவா வலைச் செயலியின் பொட்டலம்), பணப் பட்டுவாடாவுக்கு இன்னொரு வார் கோப்பு, இரண்டும் ஒரே டாம்கேட்டில். கிராஸ் கான்டெக்ஸ்ட் என்ற அமைப்பைத் திறந்துவிட்டு, முதல் செயலி வைத்த யூசர் பொருளை இரண்டாவது எடுத்தால், ‘யூசரை யூசராக மாற்ற முடியாது’ என்ற பிழை வரும். பிழையைப் படிக்கிறவர் தன் கண்ணையே சந்தேகிப்பார். விஷயம் இதுதான்: இரண்டு செயலியிலும் அந்த வகுப்பு தனித்தனியாக ஏற்றப்பட்டிருக்கிறது, பெயர் ஒன்று, ஜாவாவுக்கு ஆள் வேறு. பொருளைப் பகிராமல், யூசர் எண்ணை ஒரு சரமாகக் கொடுத்து, மீதியை டேட்டாபேஸில் பார்த்துக்கொள் என்பதே நிம்மதி.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்பதிலும் இதே சிக்கனம் வேண்டும். விவசாயியின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, சர்வே எண், கைப்பேசி எல்லாவற்றையும் ஒரே பொருளாகச் செஷனில் தள்ளிவிடுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. அடிக்கடி டேட்டாபேஸுக்குப் போக வேண்டாமே என்று காரணம் சொல்வார்கள். பழைய டாம்கேட் பதிப்புகள், நிறுத்தும்போது செஷன்களை ‘செஷன்ஸ்.எஸ்இஆர்’ என்ற கோப்பில் இயல்பாகவே எழுதி வைக்கும். சர்வரின் கோப்புகளைத் தொட அனுமதி உள்ள யாரும் அந்தக் கோப்பை நகலெடுக்கலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்த பிறகு, பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். செஷனில் யூசர் எண்ணும், அவர் விவசாயியா வி.ஏ.ஓ.வா எழுத்தரா என்ற பங்கும் இருந்தால் போதும்.

அந்தப் பங்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு கிராமத்து வி.ஏ.ஓ. காலையில் லாகின் செய்கிறார். அவர் செஷனில் ‘இந்தக் கிராமத்துக்கு வி.ஏ.ஓ.’ என்று பதிவாகிறது. மதியம் இடமாறுதல் உத்தரவு வந்து, டேட்டாபேஸில் மேலதிகாரி ஊரை மாற்றிவிடுகிறார். செஷனுக்கு இது தெரியாது. பக்கத்தைத் திறந்து வைத்து அவ்வப்போது தொட்டுக்கொண்டிருந்தால் 30 நிமிடக் கெடுவும் வராது. மாலை வரை பழைய ஊருக்கு ஒப்புதல் போட்டுக்கொண்டிருக்கலாம். ஸ்பிரிங் செக்யூரிட்டியில் செஷன் ரெஜிஸ்ட்ரி என்ற பட்டியல் இதற்கு உதவும்: அவருடைய செஷன்களைத் தேடி, காலாவதி என்று குறித்துவிட்டால் அடுத்த கிளிக்கில் வெளியே நிற்பார். ஒரு ஆளுக்கு ஒரே லாகின் என்ற கட்டுப்பாட்டையும் அதே பட்டியலை வைத்துத்தான் அது செய்கிறது. ஆனால் யூசர் வகுப்பை நாமே எழுதியிருந்தால் அதில் ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் என்ற இரண்டு முறைகளையும் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் ஒரே வி.ஏ.ஓ. இரண்டு முறை லாகின் செய்யும்போது அந்தப் பட்டியலுக்கு அவர் இரண்டு வெவ்வேறு ஆட்கள். இடமாறுதல் பெற்றவரைத் தேடினால் ‘அப்படி யாரும் உள்ளே இல்லை’ என்று பதில் சொல்லும். அவரோ உள்ளே உட்கார்ந்து அடுத்த விண்ணப்பத்தைத் திறந்துகொண்டிருப்பார்.